கடல் பார்த்த மனை, மதியச் சாப்பாடு இலவசம்

1

இந்தக் கதை பிறந்த இடத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: ஒரு குளிர்சாதனப் பேருந்தின் ஜன்னலோர இருக்கை. சமூக அக்கறையோடு களத்தில் இறங்கித் திரட்டிய கதை என்று பின்னட்டையில் போட்டுக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் நான் போனது மனை பார்க்க. அதுகூட முழு உண்மையில்லை. மனை வாங்கும் வசதி எனக்குக் கிடையாது. என் மனைவியின் அண்ணனுக்கு இருந்தது; துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். போக வரப் பேருந்து இலவசம், மதியச் சாப்பாடு இலவசம், கடற்காற்று இலவசம் என்று விளம்பரத்தில் இருந்தது. காற்றையும் கம்பெனிதான் போடுகிறது என்று நினைத்தாரோ என்னவோ, இறங்கியதும் மூச்சை இழுத்துவிட்டு மச்சான் கம்பெனிக்காரர்களுக்கு நன்றி சொன்னார்.

அங்கே விற்பனைக் கூடாரத்துக்கு எதிரே ஒரு பெண் தண்ணீர்க் குடத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கதைதான் இது. வீட்டுக்கு வந்து நான் எழுத ஆரம்பித்தது இப்படி:

"கடல் அன்று சினம் கொண்டிருந்தது. அலைகள் தம் வெண்கரங்களை நீட்டி, மண்ணைக் காக்கப் புறப்பட்ட"

நிறுத்திவிட்டேன். கடலுக்கு அன்று எந்தச் சினமும் இல்லை. அது பாட்டுக்குக் கிடந்தது. சினம் கொண்டிருந்தவள் அந்தப் பெண். அவளும் அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

2

ஊரில் அவளை வெள்ளரிக்காரி என்பார்கள். கடலுக்கும் ஊருக்கும் நடுவே இருக்கிற மணலில் அவள் குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலம். அம்மா விட்டுப்போனது, பாதி அவளுக்கு, பாதி தம்பிக்கு. பார்க்கிறவர்களுக்கு அது வெறும் மணல். இடுப்பளவு தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிற தண்ணீர் எப்படி இனிக்கிறது என்று யாரும் மண்டையைக் குடைந்துகொண்டதில்லை. இனித்தது, அவ்வளவுதான். அதை மொண்டு ஊற்றி அவள் வெள்ளரி போட்டாள். மற்றவர்கள் பூசணி, கத்தரி, கீரை. கணவன் வெளியூரில் லாரி ஓட்டுகிறான்.*

* கணவனுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. "வீட்டுலயும் அப்படித்தான்" என்று அவள் சொன்னதை இங்கே போட்டுக்கொள்ளச் சம்மதித்திருக்கிறாள்.

அந்த மணல் ஒரு கம்பெனியின் கண்ணில் பட்டது. கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, இங்கே ஒன்றுமே இல்லையே என்றார்கள். காய்த்துக் கிடந்த கொடிகளை மிதித்துக்கொண்டு நின்றுதான் அதைச் சொன்னார்கள். ஊரில் இல்லாத நிலக்காரர்கள் முதலில் விற்றார்கள். அங்கே சாலை விழுந்தது. தெருவிளக்கு நின்றது. தெருக்களுக்குப் பெயரும் வைத்தார்கள்: பூசணித் தெரு, கத்தரித் தெரு, கீரைச் சந்து. எதைப் பிடுங்கினார்களோ அதன் பெயரையே வைத்து மரியாதை செய்கிற பண்பாடு. வெள்ளரித் தெரு மட்டும் வரைபடத்தில் புள்ளிக்கோடாக இருந்தது. அந்தப் புள்ளிகள் அவள் நிலத்தின் மேல் ஊர்ந்து கடற்கரைக்குப் போயின. அந்த வழி கிடைக்காவிட்டால் கடல் பார்த்த மனை கடலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான், கால் நனைக்க முடியாது.

ஊர் எதிர்த்தது. மண் அள்ளுகிற இயந்திரத்துக்கு முன்னால் பெண்கள் போய் உட்கார்ந்தார்கள். அதிகாரி ஒருவர் வந்தார். "உங்க உணர்வை நாங்க முழுசா புரிஞ்சுக்கிறோம்" என்றார். மறுநாள் இயந்திரம் வேறு பக்கமாக வந்தது. அதுவும் புரிந்துகொண்டுதான் வந்திருக்கும்.

3

இந்த இடத்தில் கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். கம்பெனி முதலாளியை நான் நேரில் பார்த்ததில்லை. விளம்பரப் பலகையில் அவருடைய பற்களைப் பார்த்திருக்கிறேன். பற்களை மட்டும் வைத்து ஒரு பாத்திரம் செய்ய முடியாது. (செய்தவர்கள் இருக்கிறார்கள். விருதும் வாங்கியிருக்கிறார்கள்.) ஆகவே கைக்கு எட்டியவனைப் பிடித்தேன். அவளுடைய தம்பி.

ஊர் அவனை டைக்காரன் என்றது. வருகிறவர்களுக்குக் கம்பெனி சார்பில் மனை காட்டுகிற வேலை. கொதிக்கிற மணலில் முழுக்கைச் சட்டை, கழுத்தை இறுக்கிய டை, கையில் ஒலிபெருக்கி. முதல் வரைவில் அவனுக்கு நான் எழுதியது: "பணத்தாசை மின்னிய அவன் கண்களில்". அதையும் வெட்டிவிட்டேன். அவன் கண்களில் மின்னியது வியர்வை.

படித்துவிட்டு வேலையில்லாமல் அக்கா போட்ட சோற்றைத் தின்றுகொண்டிருந்தவன் அவன். வாழ்க்கையில் அவனை முதலில் 'சார்' என்று கூப்பிட்டது அந்தக் கம்பெனிதான். முதல் சம்பளத்தில் அக்காவுக்குச் செருப்பு வாங்கி வந்தான். மணலில் நடக்கிறவளுக்குச் செருப்பு எதுக்குடா என்று திட்டிக்கொண்டே அதைப் போட்டுக்கொண்டு அவள் ஊரெல்லாம் சுற்றி வந்தாள். இப்படிப்பட்டவனை வில்லனாக்குவது கஷ்டம். ஆனாலும் முயன்றேன்.

"அக்கா, நாம குடுக்கலைன்னா சுத்தி வேலி போட்டுருவாங்க" என்றான் ஒரு நாள் சாப்பிடும்போது.

"போடட்டும். கொடி ஏற வசதியா இருக்கும்."

"நான் சீரியஸா பேசுறேன்."

"நானும்தான். டையை அவுத்துட்டுச் சாப்பிடு, தட்டுல விழுது."

4

வருகிறவர்களுக்குக் காட்ட, கம்பெனி மாதிரி வீடு ஒன்று கட்டியது. அதற்கு ஒரு நீச்சல் குளம். கடலுக்கு எதிரே நீச்சல் குளம் எதற்கு என்று கேட்பவர்கள் மனை வாங்கத் தகுதி இல்லாதவர்கள். குளத்துக்கும் புல்தரைக்குமாக ஆழ்துளைக் கிணறு போட்டு ராப்பகலாக மோட்டார் ஓட்டினார்கள். அந்த மணலுக்கடியில் நல்ல தண்ணீர் பாலாடை மாதிரி மேலாக நிற்கும். அதற்குக் கீழே கடல். மேலே இருப்பதை உறிஞ்சினால் கீழே இருப்பது ஏறி வரும். ஏறி வந்தது.

முதலில் இலைகளின் ஓரம் கருகியது. பூச்சி என்று நினைத்து மருந்தடித்தாள். பிறகு காய் கசந்தது. சந்தையில் ஒருத்தி கடித்த காயை அவள் கூடையிலேயே திருப்பிப் போட்டுவிட்டுப் போனாள். அன்று வெள்ளரிக்காரி நேராக நிலத்துக்குப் போய், ஊற்றுத் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி வாயில் விட்டுப் பார்த்தாள்.

[இங்கே அவள் கண்ணீரும் ஊற்றுநீரும் ஒரே சுவையாய் இருந்தன என்று ஒரு வாக்கியம் இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம். பிறகு அவள் ஊருக்குத் திரும்பப் போய் வரைவை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "அழுதேன்னு யாரு சொன்னா?" என்றாள். "அப்ப என்ன செஞ்சீங்க?" "துப்பினேன்." வாக்கியத்தை எடுத்துவிட்டேன். வேறு கதையில் உபயோகப்படும்.]

மனை பார்க்கிறவர்களின் பேருந்தை மறிக்கலாம் என்று பெண்கள் கூடிப் பேசினார்கள். அவள் வேண்டாம் என்றாள். "அவங்களை எதுக்கு மறிக்கணும்? வெயில்ல வர்றாங்க. குடிக்கத் தண்ணி குடுப்போம்."

5

அந்தப் பேருந்தில்தான் நான் போனேன்.

டைக்காரன் எங்களை வரவேற்றான். கம்பெனி மேலாளர் கூடார நிழலில் நின்று அவன் வரவேற்பதை அளந்துகொண்டிருந்தார். "இந்த இடத்தோட சிறப்பே தண்ணிதான்" என்றான் ஒலிபெருக்கியில். "அப்படியே இளநி மாதிரி இருக்கும்."

எதிரே உட்கார்ந்திருந்தவள் குடத்தோடு எழுந்து வந்தாள். "அப்ப எல்லாரும் ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. இந்த மண்ணுத் தண்ணிதான். காலையிலதான் மொண்டேன்." டம்ளரை நிரப்பி முதலில் அவனிடமே நீட்டினாள். "நீங்க குடிச்சுட்டுச் சொல்லுங்க, சார்."

அவர்கள் அக்கா தம்பி என்று எங்களுக்குத் தெரியாது. இரண்டு முகத்தையும் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நாங்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவன் மறுப்பான், முகம் கறுக்கும், வந்தவர்கள் ஏன் என்று கேட்பார்கள், தான் சொல்லிவிடலாம். அவள் போட்டிருந்த கணக்கு அது. அவன் மேலாளரைப் பார்த்தான். டம்ளரை வாங்கினான். சின்ன வயதில் மருந்து குடிக்கிற மாதிரி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு மடமடவென்று முழுதும் குடித்தான்.

"இனிக்குது" என்றான்.

அடுத்த டம்ளர் என் மச்சானுக்கு. ஒரு வாய் வைத்ததும் துப்பினார். கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. வந்த காரியம் முடிந்துவிட்டது என்பது மாதிரி. மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தண்ணி உப்புன்னா, விலையில ஏதாவது பார்த்துச் செய்வீங்களா?"

ஆமாம், பார்த்துச் செய்யுங்கள் என்று எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொண்டோம். ஒரு குடம் தண்ணீரால் கம்பெனியைக் கவிழ்க்க வந்தவள் எங்களுக்குத் தள்ளுபடி வாங்கிக் கொடுத்துவிட்டாள். குடத்தை இடுப்பில் வைத்தபடி அவள் எங்களைப் பார்த்து நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அந்தப் பார்வையை வர்ணித்து ஒரு பத்தி எழுதினேன். நமக்குச் சாதகமாக ஒன்றும் வராததால் நீக்கிவிட்டேன்.

மேலாளர் நிழலை விட்டு வெளியே வந்தார். அவர் வெளியே வந்ததே போதுமானதாக இருந்தது. "உப்பெல்லாம் இல்ல சார், டம்ளர் சரியில்ல" என்று டைக்காரன் குடத்திலிருந்து தானே ஊற்றிக் குடித்தான். இன்னொன்று ஊற்றினான்.

"போதும்டா" என்றாள் அவள் மெதுவாக.

அவன் மறுபடி குடத்துக்குக் கை நீட்டினான். அவள் குடத்தைப் பின்னால் இழுத்தாள்.

"விடு அக்கா. இது என் வேலை."

ஒலிபெருக்கி அவன் கையிலேயே இருந்தது. 'அக்கா' எல்லோருக்கும் கேட்டது. அந்த டம்ளரையும் குடித்தான். குடித்ததெல்லாம் ஒரே வீச்சில் வெளியே வந்தது, சட்டையிலும் டையிலும் மணலிலும். குடம் அவள் கையிலிருந்து விழுந்து உருண்டது. ஓடிப்போய் அவன் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். "எடுத்துடு, எல்லாத்தையும் எடுத்துடு" என்று முதுகைத் தடவினாள்.

தண்ணீருக்குத் தள்ளுபடி கேட்கலாம். வாந்திக்குக் கேட்க முடியாது. நாங்கள் ஒவ்வொருவராகப் பேருந்தில் ஏறிவிட்டோம். சாப்பாட்டை மட்டும் பொட்டலமாக வாங்கிக்கொண்டோம். நன்றாகத்தான் இருந்தது.

6

யாரோ அதைப் படம் பிடித்துப் பரப்பினார்கள். அதிகாரிகள் வந்து தண்ணீர் எடுத்துப்போனார்கள். மறு உத்தரவு வரும்வரை மோட்டார் ஓடக்கூடாது என்று உத்தரவு வந்தது. பலகையில் 'விரைவில்' என்று இருந்ததைக் கம்பெனி 'மிக விரைவில்' என்று மாற்றியது. டைக்காரனை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். அவனுடைய உடல்நலம் கருதியாம்.

ஊர் கொண்டாடியது. வெள்ளரிக்காரியைத் தோளில் தூக்காத குறை. அவள் அங்கே நிற்கவில்லை. வீட்டில் தம்பி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவன் கால்மாட்டில் போய் உட்கார்ந்தாள்.

"நீ குடிப்பேன்னு நான் நெனைக்கலடா."

"நீ குடுப்பேன்னு நானும் நெனைக்கல."

இந்த இரண்டு வரிகளுக்கு நடுவே நான் ஒன்றும் எழுதவில்லை. நம்புங்கள், முயன்று பார்த்தேன்.

7

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

முதலாவது, பத்திரிகைகள் விரும்புவது: மழை கொட்டுகிறது, ஊற்று இனிக்கிறது, தம்பி டையை அடுப்பில் போட்டு எரிக்கிறான். (அது பாலியஸ்டர். எரியாது, உருகி நாறும்.)

இரண்டாவது, விருதுக்குழுக்கள் விரும்புவது: கம்பெனி ஜெயிக்கிறது, அவள் கடலை நோக்கி நடக்கிறாள், கடைசி வரியில் அலை. (படித்துக் காட்டினேன். "எதுக்கு நடக்கணும்? எனக்கு வீட்டுல வேலை கிடக்கு" என்றாள்.)

நடந்தது இவ்வளவுதான். அவள் பாதியில் இன்னும் உப்பு குறையவில்லை. கம்பெனியின் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தள்ளி இருக்கிற தம்பியின் பாதியில் தண்ணீர் தேறும் என்று, ஒரு காலையில் அங்கே புதிதாக ஊற்றுத் தோண்ட ஆரம்பித்தாள். அதே காலையில் கம்பெனி ஜீப் தம்பியை ஏற்றிக்கொண்டு வந்து சாலையில் நின்றது. அவன் பங்கை மட்டும் கொடுத்தால் போதுமாம். தெருவை அந்தப் பக்கமாக வளைத்துக்கொள்வார்களாம். வேலையும் திரும்பக் கிடைக்கும். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன் என்று அவன் இறங்கி வந்தான். குழியின் விளிம்பில் நின்றான்.

"அக்கா, இது என் பங்கு."

"தெரியும். அதான் நல்லா ஊறுது." அவள் நிமிரவில்லை. "நின்னுட்டே இருக்காத. இந்த மண்ணை வாங்கிப் போடு."

சாலையில் ஜீப் ஹாரன் அடித்தது.

இதுவரைக்கும் இரண்டு பேருமே தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். அதற்குப் பிறகு என்ன ஆனது என்று கேட்டால் அவன், "அக்காகிட்ட கேளுங்க சார்" என்கிறான். அவள், "நீங்கதானே கதை எழுதுறவரு" என்கிறாள். எழுத மாட்டேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் அவன் நான் செய்த பொம்மையாகிவிடுவான். உங்களுக்கு அந்தக் கூச்சம் இருக்காது, நீங்கள் திருப்புங்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அவள் குழிக்குள்ளிருந்து கூடையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருக்கிறாள். ஈர மண். நீங்கள் முடிவு செய்கிறவரை அவள் கை அப்படியேதான் நிற்கும். நிதானமாக யோசியுங்கள். கனம் உங்களுக்கு இல்லையே.