உப்புக் காலோடு உள்ளே வரலாம்

கிருபா அந்தக் கிளை நூலகத்துக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பொம்மையார்பாளையத்தில் ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடித்து, மரக்காணத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கி, உப்பளத்தை ஒட்டிய ரோட்டில் பத்து நிமிஷம் நடந்தால் எட்டு மணிக்குக் கதவைத் திறந்துவிடலாம். பதினொன்றுக்குப் பூட்டுவாள். மறுபடி சாயந்தரம் நாலிலிருந்து ஏழு வரை.

காலையில் வருகிறவர்கள் ஐந்து பேர்தான். பேப்பர் பார்க்க வரும் ரிட்டயர்டானவர்கள் இரண்டு பேர், குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிக்கும் பெண்கள் மூன்று பேர். அந்த மூவரில் நிவேதா மட்டும் கதவு திறப்பதற்கு முன்பே வந்து வாசலில் நிற்பாள்.

பதினொரு மணிக்குக் கிருபா பூட்டை மாட்டும்போதுதான், விடிவதற்கு முன்பே உப்பளத்தில் இறங்கிய பெண்கள் வேலை முடிந்து வருவார்கள். ஷேர் ஆட்டோ வரும்வரை நூலகப் படியில் உட்காருவார்கள். அந்த ரோட்டில் வேறு நிழல் இல்லை. அவள் படியிறங்கும்போது மரியாதைக்கு எழுந்து வழிவிடுவார்கள்.

அவர்களில் சாலம்மாள் கொஞ்சம் பேசுவாள். ஐம்பது வயசைத் தாண்டியவள். ஒருநாள் கிருபா, "உள்ள வந்து உக்காரலாமில்லக்கா, ஃபேன் இருக்குது," என்று கேட்டாள்.

"எங்களுக்கு இன்னாத்துக்கு மேடம். படிக்கிறவங்க இடம் அது," என்று சாலம்மாள் சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. ரேஷன் கடை எந்தப் பக்கம் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

அந்த வருஷம் மாசி மாதத்தில் துறையிலிருந்து இருபது நூலகர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றி, மற்ற மாவட்ட நூலகங்களைப் பார்க்க மூன்று நாள் கூட்டிப்போனார்கள். பெரிய ஊர்களில் எல்லாம் பளபளவென்று இருந்தது. குழந்தைகளுக்குச் சுவரெல்லாம் மீன் வரைந்த அறை, பார்வையில்லாதவர்களுக்குத் தனிப் பிரிவு, லிஃப்ட். கூட வந்தவர்கள் போட்டோ எடுத்துத் தள்ளினார்கள். கிருபாவும் எடுத்தாள். ஆனால் இதையெல்லாம் தன் ஒற்றை அறை நூலகத்தில் எங்கே வைப்பது என்று நினைத்தபோது அவளுக்குச் சோர்வாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் மேற்கே ஒரு விசைத்தறி ஊரில் இறங்கினார்கள். கிட்டத்தட்ட அவளுடையதைப் போலவே சின்னக் கட்டடம். தறி ஷிப்ட் மாறும் நேரத்துக்கு ஏற்ப அங்கே நூலக நேரத்தை மாற்றியிருந்தார்கள். மேஜைமேல் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் கண்ணாடிகள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் பவர் எழுதிய சின்னச் சீட்டு. படிக்கும்போது எடுத்துப் போட்டுக்கொண்டு, போகும்போது திரும்ப வைத்துவிட வேண்டும்.

"கண்ணாடிய மறந்துட்டு வர்றவங்களுக்குன்னுதான் வச்சேன்," என்றார் அந்த ஊர் நூலகர். "கண்ணாடியே இல்லாதவங்கதான் நெறைய வந்தாங்க."

அந்த வாசகத்தைக் கிருபா பஸ்ஸில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டாள்.

திரும்பி வந்ததும் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு மனு அனுப்பினாள். காலை நேரத்தைப் பத்திலிருந்து ஒன்று வரை என்று மாற்றிக்கொள்ள, இரண்டு மாதத்துக்குச் சோதனையாக அனுமதி கிடைத்தது. பாண்டிச்சேரிக்குப் போய் ஒரு டஜன் கண்ணாடி வாங்கிவந்தாள். கதவில் புது நேரத்தை எழுதி ஒட்டினாள்.

முதல் நாள் கூட்டித் துடைக்க ஒன்பதே காலுக்கே அவள் வந்தபோது நிவேதா வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். எட்டு மணியிலிருந்தே நிற்கிறாள் என்று தெரிந்தது.

"நேத்தே ஒட்டினேனே, பாக்கலியா?" என்றாள் கிருபா.

"நேத்து சாயங்காலம் நான் வரலக்கா. தம்பிக்கு ஜுரம்." நிவேதா கதவில் இருந்த தாளைக் காட்டினாள். "இப்ப வந்துதான் பாத்தேன், உங்ககிட்ட சொல்லிட்டுப் போலாம்னு நின்னேன். பத்து மணிக்கு எனக்கு வரமுடியாதுக்கா. ஒம்போதரைக்கெல்லாம் அம்மா மீன் விக்கக் கெளம்பிடும். நான் வீட்டுல இருந்தாவணும். காலையில அந்த நேரம்தான் எனக்குக் கெடைக்கும். எங்க வீடு ஒரே ரூமு, உங்களுக்கே தெரியும். இன்னும் நாலு மாசம்தான் இருக்குது பரீட்சைக்கு."

"ரெண்டு மாசம்தான்மா, சோதனைக்காக."

நிவேதா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று கிருபாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வராதவர்களைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்ததில், தினமும் வருகிறவளை மறந்துபோயிருந்தாள்.

அதைவிட மோசம், யாருக்காக மாற்றினாளோ அவர்களும் வரவில்லை. பதினொரு மணிக்குப் பெண்கள் வந்தார்கள், படியில் உட்கார்ந்தார்கள், ஆட்டோ வந்ததும் போனார்கள். கதவு திறந்துதான் இருந்தது. ஃபேன் காலி அறையில் ஓடிக்கொண்டிருந்தது. இப்படியே பன்னிரண்டு நாள் போனது. பதிமூன்றாம் நாள் கிருபா பொறுக்கமாட்டாமல் வெளியே வந்து, அவர்களோடு படியிலேயே உட்கார்ந்தாள்.

"ஏங்க்கா உள்ள வரமாட்டேங்கிறீங்க? உங்களுக்காகத்தான் நேரத்தையே மாத்தியிருக்கேன்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாலம்மாளின் கூட்டாளி ஆனந்தம்மாள்தான் காலை நீட்டிக் காட்டினாள். முழங்கால் வரைக்கும் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. குதிகால் வெடிப்பில் சேறு காய்ந்திருந்தது.

"இந்தக் காலோட எப்புடி மேடம் வர்றது? டைல்ஸ் போட்டு வச்சிருக்கீங்க. நாங்க வந்துட்டுப் போனா நீங்கதான் தொடைக்கணும்."

மூன்று நாளில் பார்த்த எட்டு நூலகங்களில் இதற்கு யாரும் வழி சொல்லவில்லை. கிருபா கட்டடத்துக்குப் பின்னால் இருந்த குழாயிலிருந்து ஒரு ஹோஸை இழுத்து, படியோரம் நீல டிரம் ஒன்றில் தண்ணீர் பிடித்து வைத்தாள். பக்கத்தில் ஒரு சொம்பு, கால் துடைக்கப் பழைய கோணிச்சாக்கு. கதவில் இன்னொரு தாள் ஒட்டினாள்: உப்புக் காலோடு உள்ளே வரலாம். அதை யாரும் படிக்கமாட்டார்கள் என்று தோன்றியதால் வாயாலும் சொன்னாள்.

மறுநாள் நான்கு பேர் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்கள். நாற்காலியில் உட்காரவில்லை. ஃபேனுக்கு நேர்கீழே தரையில் உட்கார்ந்தார்கள். ஆனந்தம்மாள் ஐந்தே நிமிஷத்தில் தூங்கிப்போனாள். ஆட்டோ ஹாரன் அடித்ததும் எழுந்து ஓடினார்கள். அந்த வாரக் கடைசியில் ஒன்பது பேர் ஆனார்கள். சிலர் ஒரு ஆட்டோவை விட்டுவிட்டு அடுத்ததுக்குக் காத்திருந்தார்கள்.

கண்ணாடிப் பெட்டியை அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். யாரோ ஒருத்தி ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்ள, மற்றவர்கள் சிரிக்க, பெட்டி கை மாறிக் கை மாறிப் போனது. ஆளாளுக்கு மாட்டிக்கொண்டு, கலெக்டர் மாதிரி இருக்கிறாய், நர்ஸ் மாதிரி இருக்கிறாய் என்று கேலி பேசினார்கள். சாலம்மாளும் ஒன்றை மாட்டினாள், கழற்றினாள், வேறொன்றை மாட்டினாள். அப்புறம் அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். எதிர்ச் சுவரோரமாகப் போய் நின்று, மேஜைமேல் கிடந்த பேப்பரை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்தாள்.

"மா... வட்... ட," என்றாள். "மாவட்ட. மாவட்டத்தில். மழைக்கு. வாய்ப்பு."

மற்றவர்கள் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"உனுக்குப் படிக்கத் தெரியுமாடி?" என்றாள் ஆனந்தம்மாள்.

"எட்டாவது வரிக்கும் படிச்சேன். அப்புறம் இங்க வேலைக்கு வந்துட்டேன்." சாலம்மாள் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்க, பத்து வருசமா எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி ஆயிடுச்சி. சரி, படிச்சது மறந்துபோச்சி, இனிமே அவ்ளோதான்னு விட்டுட்டேன். பேங்க்குல கூட ரேகைதான் வக்கிறேன்." கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மறக்கல மேடம். கண்ணுதான் போயிருக்குது."

வருஷக்கணக்காக வெள்ளை உப்பில் அடிக்கும் வெயிலைப் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டவர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் என்று கிருபா யோசித்தாள். படிப்பு வராது என்று சொன்னவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் படிப்பு வராது?

அதற்கப்புறம் தினமும் சாலம்மாள் பேப்பரைச் சத்தமாகப் படித்தாள். முதலில் எழுத்தெழுத்தாக, பிறகு வார்த்தை வார்த்தையாக. மற்றவர்கள் நடுவில் பேசினார்கள், சண்டை போட்டார்கள், கொலைச் செய்தியென்றால் மறுபடி படிக்கச் சொன்னார்கள். அறை இரைச்சலாகத்தான் இருந்தது.

ஒரு திங்கள்கிழமை பன்னிரண்டு மணிக்கு வாசலில் ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் மாவட்ட நூலக அலுவலர் அனுஷியா. முன்கூட்டிச் சொல்லாமல் வந்திருந்தார். உள்ளே பதினொரு பெண்கள் தரையில் இருந்தார்கள். இரண்டு பேர் தூக்கம். சாலம்மாள் நடுவில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அலுவலரைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்து, சுவரோரம் ஒண்டி நின்றார்கள்.

"உக்காருங்க, உக்காருங்க," என்றார் அனுஷியா. யாரும் உட்காரவில்லை. அவர் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். "இது ஸ்டாக்குல இருக்கா கிருபா?"

"இல்ல மேடம். நானே வாங்கினது."

"டாக்டர் பாக்காம எந்தக் கண்ணாடியும் யாரும் போடலாமா? நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

அனுஷியா கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். "உங்க வாசகர் ஒருத்தர் எழுதியிருக்காங்க. அதான் வந்தேன். பேரு நிவேதா."

கிருபாவுக்கு முகம் சூடாகிவிட்டது. ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக்கூடாதா என்று நினைத்தாள். பிறகுதான் ஞாபகம் வந்தது, வாசலில் வைத்து அவள் சொல்லத்தான் செய்தாள்.

"படிச்சுப் பாருங்க," என்று அனுஷியா கடிதத்தை நீட்டினார்.

நோட்டிலிருந்து கிழித்த இரண்டு தாள். நிவேதா யாரையும் குறை சொல்லவில்லை. உப்பளப் பெண்கள் பதினொரு மணிக்கு உள்ளே வந்து உட்காருவதை ரோட்டிலிருந்து பார்த்ததாகவும், நேரம் மாற்றியது அவர்களுக்கு நல்லது என்றும் எழுதியிருந்தாள். தனக்கும் தன் கூட்டாளிகளுக்கும் காலையில் இரண்டு மணி நேரம் உட்கார ஒரு பெஞ்சு வேண்டும், வெளியில் போட்டாலும் போதும், மழைக்காலத்தில் மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை என்று முடித்திருந்தாள்.

கிருபா கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். சுவரோரம் நின்றிருந்த சாலம்மாள் கேட்டாள், "இன்னா மேடம், எங்களால எதனா பிரச்சனையா?"

"உங்களால இல்லக்கா. என்னாலதான்." கிருபா விஷயத்தைச் சொன்னாள்.

"அந்தப் பொண்ணா? காலையில நாங்க பாத்தியில நிக்கும்போது இந்த ரோட்டுல நடந்துகிட்டே படிக்குமே." சாலம்மாள் அலுவலரைப் பார்த்தாள். "அதுக்கு மொதல்ல எடம் குடுங்கம்மா. நாங்க படியிலியே உக்காந்துக்குறோம். எங்களுக்குப் பழக்கம்தான்."

அனுஷியா ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் பெண்களும் ஒவ்வொருவராகத் தரையில் உட்கார்ந்தார்கள்.

"டூர் போனப்ப ரெண்டாவது நாள் ஒரு ஊருல வாசகர் வட்டத்துக்கே சாவி குடுத்திருந்தாங்களே, பாத்தீங்கல்ல?" என்றார்.

கிருபா பார்த்திருந்தாள். அங்கே வாசகர்களே முறைவைத்துக் காலையில் படிப்பறையைத் திறந்தார்கள். நம்ம ஊருக்கு இது சரிப்படாது, புத்தகம் போய்விடும் என்று நினைத்து அதை நோட்டில்கூட எழுதிக்கொள்ளவில்லை.

"புத்தக அலமாரிய எல்லாம் பூட்டிக்குங்க. மேஜையும் நாற்காலியும் மட்டும் அவங்களுக்கு இருக்கட்டும். பொறுப்பா ஒரு ஆளு பாருங்க," என்றார் அனுஷியா. "கண்ணாடி விஷயம், கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில பேசி ஒரு கேம்ப் வச்சிடலாம். அதுவரைக்கும் பெட்டி இருக்கட்டும். நான் பாக்கல."

அன்று சாயந்தரம் கிருபா நிவேதாவின் வீட்டுக்கு நடந்துபோனாள். நிவேதா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கிருபாவைப் பார்த்ததும் பயந்துவிட்டாள்.

"அக்கா, உங்க மேல கம்ப்ளெயின்ட் பண்ணணும்னு எழுதல."

"தெரியும். படிச்சேன். நான்தான் உன்ன மொதல்ல கேட்டிருக்கணும்." கிருபா பர்ஸிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்தாள். "ஏழு மணிக்குத் தெறந்துக்க. போறப்ப ஜன்னல மட்டும் மறக்காம சாத்து, உப்புக்காத்துல கொண்டியெல்லாம் துருப்புடிக்குது."

நிவேதா ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். அவள் கண் கலங்கியதைக் கிருபா பார்க்காததுபோல் துணிகளைப் பார்த்தாள்.

கண் கேம்பில் முப்பத்தேழு பேருக்குக் கண்ணாடி எழுதினார்கள். சாலம்மாளுக்கு இடது கண்ணில் புரை தொடங்கியிருந்தது. ஆடி மாதம் ஆபரேஷன் நடந்தது. நிவேதாவுக்கு அந்த வருஷப் பரீட்சையில் வேலை கிடைக்கவில்லை. அடுத்த வருஷத்துக்குப் படிக்கிறாள். சாவி அவளிடம்தான் இருக்கிறது.

ஐப்பசியில் மழை இறங்கியதும் உப்பள வேலை நின்றது. பாத்தியெல்லாம் தண்ணீர் கட்டிக்கொண்டது. இனி யாரும் இந்தப் பக்கம் வரமாட்டார்கள் என்று கிருபா நினைத்திருந்தாள். இரண்டாம் நாளே, மழை கொஞ்சம் விட்ட நேரத்தில், சாலம்மாள் குடையோடு வந்தாள். தன்னுடைய சொந்தக் கண்ணாடி போட்டிருந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வீட்டுக்கு எடுத்தும்போய் படிக்க ஒரு புஸ்தகம் குடு மேடம். வேலை இல்லாம எப்புடிப் பொழுத ஓட்றது?"

"என்ன மாதிரி வேணும்க்கா?"

சாலம்மாள் அலமாரிகளைப் பார்த்தாள். அவளை யாரும் இப்படிக் கேட்டதில்லை போலிருந்தது. நன்றாக யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"கதையா இருக்கட்டும். உப்பு வராத கதையா பாத்துக் குடு."

கிருபா எழுந்து, அலமாரி அலமாரியாகத் தேடத் தொடங்கினாள்.