கடைமடைக்கு ஒரு கூட்டம்

எங்கள் வாய்க்காலில் ஒன்பது நாளுக்கு ஒரு தடவைதான் கடைமடைக்குத் தண்ணீர் வரும். மதியம் இரண்டு மணி முதல் ஆறு மணி வரை. அதை நாங்கள் ஆறு குடும்பம் பங்கு போட்டுக்கொள்வோம். இரண்டு மணிக்கு எங்களில் ஒருவராவது மண்வெட்டியோடு மடையில் நிற்க வேண்டும். ஆள் இல்லையென்றால் வாய்க்கால் லஸ்கர் சூசையப்பன் ஷட்டரை இறக்கி, மேலே இருக்கிற மடைக்குத் தண்ணீரைத் திருப்பிவிடுவான். ஒரு வருஷம் யாரோ தூங்கிப்போய் தண்ணீர் எல்லாம் ஓடையில் பாய்ந்து வீணானது. அதற்குப் பிறகு ஊர் கூடிப் போட்ட சட்டம் இது.

எழுபத்தேழு மார்ச்சில் என் ஒரு ஏக்கர் கடலையில் விழுது இறங்கிக்கொண்டிருந்தது. மண் ஈரமாக இருந்தால்தான் விழுது உள்ளே போய்க் காய் பிடிக்கும். இல்லாவிட்டால் செடி பச்சையாக நிற்கும், பிடுங்கினால் வெறும் வேர்தான் வரும். வீட்டுக்காரர் காளிச்சாமி கஞ்சிக்கோட்டுக் கம்பெனிக்குப் போகிறார். அந்தச் சம்பளம் அரிசிக்குச் சரியாகப் போய்விடும். மற்றதெல்லாம் இந்தக் கடலையை நம்பித்தான்.

எலக்ஷன் நேரம். வோட்டுக்கு நிற்கிற ஸ்தானார்த்தி எங்கள் பக்கத்து ரத்தினசாமிதான். எங்களுக்கு மேல்மடையில் அவருக்கு இருபது ஏக்கர் தென்னந்தோப்பு. எங்களுக்கு வராத தண்ணீர் எங்கே போகும் என்று வேறு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அந்த மனிதருக்குத்தான் திடீரென்று கடைமடை விவசாயிகள்மேல் கருணை பொங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் அவருடைய காரியஸ்தன் கருப்புசாமி ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு வந்தான்.

"இன்னைக்கு மத்தியானம் ஒண்ணரை மணிக்குப் புளியமரத்தடியில கடைமடைத் தண்ணி மீட்டிங்குங்க. ஊட்டுல இருக்கறவங்க அத்தனை பேரும் வந்துருங்க!"

"இன்னைக்கு ரெண்டு மணிக்கு எங்க முறைங்க," என்றேன்.

"அதெல்லாம் லஸ்கர்கிட்டச் சொல்லியாச்சுங்க அக்கா. மீட்டிங் முடியற வரைக்கும் உங்க தண்ணி நிக்கும். உங்களுக்காகத்தானே மீட்டிங்கே!"

எனக்கு மனசு ஒப்பவில்லை. பக்கத்து வயல்காரி முத்தாத்தாள்தான் கையைப் பிடித்து இழுத்தாள். "நம்ம தண்ணிக்கு நாமளே போகலீன்னா நல்லாருக்குமா? எல்லாரும் போறாங்க, வா." போனேன். போன புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். சீக்கிரம் முடிந்தால் அப்படியே மடைக்கு ஓடிவிடலாம் என்று மண்வெட்டியையும் தூக்கிக்கொண்டு போனேன். கூட்டத்தில் நான் ஒருத்திதான் மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்தேன்.

அதுதான் மேடையில் பேசிக்கொண்டிருந்த ரத்தினசாமியின் கண்ணில் பட்டது. பேச்சின் நடுவே இறங்கி வந்து, என்னைக் கேட்காமலே மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டார். பாலக்காட்டிலிருந்து கூட்டிவந்த போட்டோக்காரன் படம் எடுத்தான். "இந்த மம்பட்டி புடிச்ச கைக்குத் தண்ணி கிடைக்காம என்ற தோட்டத்துக்கு ஒரு சொட்டுக் கூட வேண்டாமுங்க!" என்று மைக்கில் முழங்கினார். ஜனம் கை தட்டியது. நானும் தட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அவர் மண்வெட்டியைக் கீழே வைக்கவே இல்லை. மணி இரண்டு ஆயிற்று, இரண்டேகாலும் ஆயிற்று. மேடை ஓரம் போய்க் கருப்புசாமியிடம் கேட்டேன். "பேச்சு முடியட்டுங்க அக்கா, தண்ணி எங்க போயிரும்?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை. மண்வெட்டி போனால் போகட்டும் என்று வாய்க்கால் கரைமேல் ஓடினேன்.

எங்கள் மடையில் ஈரம்கூட இல்லை. மேலே ஓடினேன். ரத்தினசாமியின் மடை முழுசாகத் திறந்திருந்தது. நான்கு ஆட்கள் தென்னைக்குத் தென்னை வரப்பு வெட்டிப் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். சூசையப்பன் ஷட்டர் பக்கத்தில் பீடியோடு உட்கார்ந்திருந்தான்.

"ஏஞ் சூசையப்பா, தண்ணிய நிறுத்தி வெக்கச் சொன்னாங்கல்ல?"

"என்கிட்ட ஆரும் சொல்லலீங்க அக்கா. ரெண்டு மணிக்கு உங்க மடையில நின்னு பார்த்தேன். ஒரு ஆளுமில்ல. மேல்மடைக்காரங்க வந்து நின்னாங்க, திறந்துட்டேன். சட்டம் அப்படித்தானே?"

அவனைத் திட்டி என்ன ஆகப் போகிறது? அதற்குள் கூட்டம் முடிந்து ஜீப்பு கரைமேல் வந்தது. பின்னாலேயே எங்கள் ஆட்களும் வந்தார்கள். நான் ஜீப்புக்குக் குறுக்கே போய் நின்றேன்.

"ஏனுங்க, எங்க தண்ணி உங்க தோப்புல பாயுதுங்க. இப்பவே அடைக்கச் சொல்லுங்க. இன்னும் மூணு மணி நேரம் எங்களுக்குப் பாக்கி இருக்குது."

ரத்தினசாமி கும்பிட்ட கையோடு இறங்கினார். "அம்மிணி, நீங்க சொல்றது நாயந்தான். ஆனா ஊரு போட்ட சட்டத்தை ஸ்தானார்த்தி நானே மீறுனா நல்லாருக்குமுங்களா? சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானுங்களே. ரெண்டு மணிக்கு உங்க ஆளு மடையில நிக்கலீங்க."

"எங்க ஆளு எல்லாம் உங்க மீட்டிங்குல இருந்தமுங்க! நீங்கதானே ஊட்டுல ஒரு ஆளு விடாமக் கூப்பிட்டீங்க? அப்ப உங்க ஆளுக நாலு பேரு மட்டும் எப்படிங்க மடையில நின்னாங்க?"

அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை.

"மீட்டிங்கு கடைமடைக்காரங்களுக்குத்தானுங்க அம்மிணி. என்ற ஆளுகளை நான் எதுக்குக் கூப்புடறேன்?"

ஜீப்பு போய்விட்டது. அடுத்த ஊர்ப் புளியமரத்தடியில் இதே பேச்சுப் பேச வேண்டும் அல்லவா? நான் எங்கள் ஆட்களைத் திரும்பிப் பார்த்தேன். ஆறு குடும்பத்துக்கும்தான் தண்ணீர் போயிருந்தது. யாராவது ஒருவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கெட்டதாகச் சொல்லமாட்டார்களா என்று இருந்தது.

முத்தாத்தாள்தான் பேசினாள். "அவரு என்ன பண்ணுவாரு, பாவம்? சட்டம் அப்படி இருக்குதே. ஜெயிச்சு வந்தாத்தானே சட்டத்தை மாத்த முடியும்?"

மற்ற நால்வரும் தலையாட்டினார்கள். அடுத்த முறைக்கு ஒன்பது நாள் இருந்தது. வோட்டுக்கு ஐந்து நாள்தான்.