குமாரசாமி மேல் மட்டும் பெய்த பனி

புரட்டாசி முதல் சனிக்கிழமை மத்தியானம், டெக்சாஸ் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தபோது, காப்பெல் நகரவாசி குமாரசாமியின் மேல் மட்டும் பனி பெய்ய ஆரம்பித்தது. பக்கத்தில் நின்ற மகள் கயல் மேல் ஒரு துளி விழவில்லை. குச்சி ஒன்றரை டாலர் என்று எழுதிப்போட்ட கொரியத் தள்ளுவண்டி முன்னால் இது நடந்தது.

மனுஷர் கோபிச்செட்டிபாளையத்துக்காரர். மற்ற மாதங்களில் நண்டு, நத்தை எதையும் விடாதவர், புரட்டாசியில் முட்டை பட்ட கரண்டியைக்கூடத் தொடமாட்டார். அந்த வருஷம் கெடுபிடி இன்னும் அதிகம். விசா ஸ்டாம்பிங்குக்காக ஊருக்குப் போன மனைவி வசந்தாமணி, பாஸ்போர்ட் திரும்பி வராமல் தை மாதத்திலிருந்து அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் வந்து சேரவேண்டும் என்பதுதான் வேண்டுதல். பெருமாள் கோவிலிலிருந்து திரும்பும்போது பசித்தது என்று கொரியக் கடை வாசலில் காரை நிறுத்தினார். வண்டியில் ஒரு பக்கம் மீன் வடிவத்தில் சுட்ட பன். செதில், வால், கண் எல்லாம் அச்சு அசல். பெருமாளே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, பக்கத்தில் நாடா மாதிரி மடித்துக் குச்சியில் குத்திச் சாற்றில் வெந்துகொண்டிருந்த சாதுவான பண்டத்தை வாங்கினார். மூன்று குச்சி தின்று, அந்தச் சாற்றையும் ரசம் போல ஊதி ஊதிக் குடித்தார். பாவம், பன்னுக்குள் இருந்தது வெறும் இனிப்புப் பயறு. மீனை அரைத்துச் செய்தது குச்சியில் இருந்ததுதான். “அப்பா, தட் வாஸ் ஃபிஷ்,” என்றாள் கயல், போனைப் பார்த்தபடியே. அப்போதுதான் முதல் பனி விழுந்தது.

வண்டிக்காரக் கொரியப் பெண்மணி பாக் ஆன்ட்டி அலட்டிக்கொள்ளவில்லை. அது குளிர்காலத்துத் தீனி, வெயிலில் தின்றால் குளிர் தேடிக்கொண்டு வரத்தான் செய்யும் என்று சொல்லி, இன்னொரு கப் சாறு ஊற்றினாள்.

பனியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். திங்கட்கிழமை விசா வந்துவிட்டது. குமாரசாமிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இது விரதம் கெட்டதற்குத் தண்டனையா, பலித்ததற்கு அடையாளமா? பெருமாளே ஒருகாலத்தில் மீனாக வந்தவர், அதனால் கண்டுகொள்ளாமல் விட்டாரா? மன்னிப்புக் கேட்கப்போய், மறந்திருந்தவருக்கு ஞாபகப்படுத்தினதாக ஆகிவிட்டால்? நன்றி சொல்லலாமென்றால், எந்த வாயால்?

வசந்தாமணி ஐப்பசியில் வந்து இறங்கினாள். குளிர் மாதங்களென்பதால் மார்கழி வரைக்கும் அவர் மேல் பனி பெய்தது பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை. பாக் ஆன்ட்டியிடம் அவர் பனியை நிறுத்தப் பருவத்துக்கொரு மாற்றுப் பண்டம் தின்று பார்த்தார்: குளிருக்கு அந்த மீன் பன், வசந்தத்துக்குக் காரச்சாற்றில் புரட்டிய அரிசிக் கொழுக்கட்டை, கோடைக்குப் பயறு போட்ட ஐஸ் துருவல். பனி எதற்கும் மசியவில்லை. ஆபீசில் மங்கி கேப் போட்டு உட்கார்ந்தார். லேப்டாப் நனைகிறது என்று மட்டும் மேனேஜர் சொன்னார். சித்திரையில் ஏசி போட்டால் அவருக்கு நடுக்கம், போடாவிட்டால் வசந்தாமணிக்குப் புழுக்கம். கடைசியில் அவள் தலையணையை எடுத்துக்கொண்டு கயல் அறைக்குப் போய்விட்டாள். அத்தனை வேண்டி வரவழைத்தவள் பக்கத்து அறையில் படுத்திருந்தாள். அது அவருக்குத் தாங்கவில்லை.

அடுத்த புரட்டாசியில், கோவில் குங்குமம் நெற்றியில் இருக்கும்போதே, வசந்தாமணி பாக் ஆன்ட்டியின் தள்ளுவண்டி முன்னால் காரை நிறுத்தச் சொன்னாள். நேராகப் போய் ஒரு குச்சி வாங்கினாள்.

“வேண்டாம் வசந்தா, அது மீன்,” என்றார் குமாரசாமி.

“தெரியுமுங்க. நீங்க ஒருத்தரே நனைஞ்சிட்டிருக்கறதுக்கா நான் கடல் தாண்டி வந்தேன்?”

முழுசாகத் தின்றாள். சாற்றையும் குடித்தாள். மூக்கின்மேல் முதல் பனி விழுந்ததும் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். கயல் டிக்கியைத் திறந்து பெரிய குடையை எடுத்து நீட்டினாள்.

இப்போது இரண்டு பேரும் ஒரே அறையில்தான் படுக்கிறார்கள். ஈரம் காய மெத்தையை வாரம் ஒருமுறை வெயிலில் போடுகிறார்கள்.