ஓரத்தில் ஒரு ‘ஏன்?’

வீட்டில் அவனைப் ‘புலி’ என்றுதான் கூப்பிடுவார்கள். கணக்கில் புலி என்று யாரோ ஒரு வாத்தியார் வாய்தவறிச் சொல்லப்போக, அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அந்தப் புலி இப்போது கடல் கடந்து, மாணவர் விடுதி ஒன்றின் மூன்றாம் மாடியில், ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தை முடிக்கத் தெரியாமல் பூனையாகச் சுருண்டு உட்கார்ந்திருந்தது.

கணக்கு அவனைப் படுத்தவில்லை. பேராசிரியரிடம் தரவேண்டிய கட்டுரையில் இரண்டு சமன்பாடுகளுக்கு நடுவே எழுதவேண்டிய வார்த்தைகள்தான் உயிரை வாங்கின. ‘எந்தக் குவியலை எடுத்தாலும், எப்படி எடுத்தாலும்’ என்று தமிழில் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அதையே ஆங்கிலத்தில் எழுதப்போனால் பாதி வழியில் தலை எது வால் எது என்று தெரியாது.

ஆகவே அவன் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தான். பாடப்புத்தகம் எழுதிய மேதைகள் விளக்க அலுப்பாக இருக்கும் இடத்தில் ‘கிளியர்லி’, அதாவது ‘தெளிவாகவே’, என்று ஒரு வார்த்தை போட்டுத் தாண்டிவிடுகிறார்கள். பெரிய மனிதர்களே தாண்டும்போது நமக்கென்ன வந்தது? ஆங்கிலம் கைவிட்ட இடத்திலெல்லாம் அவனும் ஒரு கிளியர்லியைப் போட்டான். கட்டுரை பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

பேராசிரியர் அதைத் திருப்பிக் கொடுத்தார். ஒவ்வொரு கிளியர்லிக்கும் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால் ‘ஏன்?’ என்று எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில், மாதக் கடைசிக்குள் திருத்தித் தராவிட்டால் ஆராய்ச்சிக்கு இடமில்லை என்று ஒரு வரி. இடமில்லை என்றால் விசா இல்லை, பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

யாரிடமாவது கேட்கலாம். பொதுச் சமையலறையில் கூடப் படிப்பவர்கள் கூட்டமாகச் சாப்பிடுவார்கள். இவன் போனால் சிரிப்பார்கள், இவனும் சிரிப்பான். மனதுக்குள் ஒரு வாக்கியத்தைக் கூட்டிப் பெருக்கி வாசல்வரை கொண்டுவருவதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்கு வந்துவிடுவான். அவர்கள் மேல் குற்றமே சொல்லமுடியாது என்பதுதான் அவனுக்கு ரொம்ப வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டாள். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். அன்று விடுமுறை, காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“எப்படிடா இருக்க புலி?”

“நல்லா இருக்கேன்க்கா. படிப்பு, பிரெண்ட்ஸுன்னு நல்லாப் போகுது.”

“குரல் ஒரு மாதிரி இருக்கே?”

“ஒரு கணக்கு எழுதணும். அவ்வளவுதான்.”

“என்ன கணக்கு? எங்கிட்டச் சொல்லு. புரியலைன்னாலும் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பேன்.”

அவன் சொன்னான். கூழாங்கல் குவியல்களை வைத்து ஒரு விளையாட்டு. ஒவ்வொரு முறையும் ஒரு கல்லை எடுக்கலாம், இல்லையென்றால் ஒரு குவியலை இரண்டாகப் பிரிக்கலாம். எப்படி ஆடினாலும் விளையாட்டு முடிந்தே தீரும்.

“ஏன் முடியணும்?” என்றாள் அக்கா.

“ஒவ்வொரு தடவையும் கல்லு கொறையுதுல்ல. பிரிச்சாலும் அது வந்து... அது தெளிவாத் தெரியுதேக்கா.”

“எனக்குத் தெரியலையே. ஏன்?”

அவன் மனதுக்குள் ஒரு குவியலைப் பிரித்துப் பார்த்தான். பிரித்தால் ஒரு கல்கூடக் குறையாதே! ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல் போட்ட கிளியர்லி என்றல்லவா நினைத்திருந்தான்? இந்த ஓர் இடத்தில் அவனுக்குத் தமிழிலும் பதில் இல்லை. வார்த்தையைப் போட்டு ஊரை ஏமாற்றியதில் தானும் ஏமாந்திருந்தான்.

“ஓட்டை இருக்குக்கா. ‘ஏன்’னு கேட்டா பதில் இருக்கணும். இல்லைன்னா அது தெளிவில்ல, வெறும் பூச்சு.”

“சரிதான், புலிக்கே ஓட்டையா?” என்று சிரித்தாள் அக்கா.

அந்த ஓட்டையை அடைக்கச் சில நாள் பிடித்தது. எத்தனை கல் இருக்கிறதோ அத்தனை குவியலுக்கு மேல் பிரிக்க முடியாது, பிறகு கல்லை எடுத்தே ஆகவேண்டும். அதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி, சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக உடைத்து எழுதினான். அழகு போயிற்று. கிளியர்லியும் ஒன்றுவிடாமல் போயிற்று.

பேராசிரியர் ஏற்றுக்கொண்டார். ஓரங்கள் வெள்ளையாக இருந்தன. அந்தத் தாளோடு சமையலறைப் பக்கம் போனான். உள்ளே சிரிப்புச் சத்தம். கொஞ்ச நேரம் கதவருகே நின்றுவிட்டு அறைக்குத் திரும்பி அக்காவைக் கூப்பிட்டான்.

“பாஸாயிட்டேன்க்கா! இடம் கிடைச்சிருச்சு.”

காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா போட்ட கூச்சலில் போனைக் காதிலிருந்து விலக்கவேண்டியிருந்தது. “எனக்குத் தெரியும்டா! இன்னிக்குக் கொண்டாட்டம்தானா?”

“ஆமாக்கா. பிரெண்ட்ஸோட.”

“யாரு யாரு? பேரு சொல்லேன், நானும் தெரிஞ்சுக்கறேன்.”

அவன் கையிலிருந்த தாளை மடித்தான்.

“புலி?”

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ பேசிக்கொண்டே நடந்துபோனார்கள். ஒரு பெயரை இட்டுக்கட்டிச் சொல்லியிருக்கலாம், அக்கா நம்பியிருப்பாள்.

“யாருமே இல்லக்கா,” என்றான். “வந்த நாள்லேர்ந்து யாருமே இல்ல.”

 போனில் கத்தியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது, நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

“சொல்லு,” என்றாள் அக்கா. “கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”