இடது கையால் எழுதிய பாடம்

கோட்டுக்குள்ளே வண்ணம் அடிக்க யாராலும் முடியும். கோட்டைத் தாண்டி அடிக்க வேண்டும். அதுவும் ஏழு வயதுப் பிள்ளை எவ்வளவு தாண்டுமோ அவ்வளவுதான் தாண்ட வேண்டும். அதற்கு லேசில் கை வராது. கிளாடிஸுக்கு வந்துவிட்டது. ஐந்து மாதப் பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து வந்தவள் சேலையைக்கூட மாற்றவில்லை. மேசையில் உட்கார்ந்து, கலர் பென்சிலை இடது கையில் பிடித்துக்கொண்டு, ஒரு பென்குயினின் வயிற்றுக்கு மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் மீன்குழம்பு கொதித்தது. தொட்டிலில் கைக்குழந்தை ரோஸ் சிணுங்கத் தொடங்கியிருந்தாள். மூத்தவள் ஏஞ்சலின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவில் விளையாடும் பிள்ளைகளைப் பார்த்தபடி நின்றாள்.

"அம்மா, முடிச்சிட்டியா?"

"இன்னும் நாலு தாளு கெடக்கு. நீ வந்து ஒன் பேர மட்டும் எழுதிட்டுப் போ."

ஏஞ்சலின் வந்தாள். ஒவ்வொரு தாளின் தலையிலும் தன் பெயரை எழுதினாள். முத்து முத்தான எழுத்து. எழுதிவிட்டுப் பழையபடி ஜன்னலுக்குப் போய்விட்டாள். அந்த வாரத்துப் படிப்பு அதோடு முடிந்தது.

இந்தக் கூத்து எப்படி ஆரம்பித்தது என்று சொன்னால்தான் விளங்கும். கிளாடிஸின் கணவன் ஜாய்சன் சரக்குக் கப்பலில் போசன். அதாவது மேல்தளத்து ஆட்களுக்கெல்லாம் மேஸ்திரி. கெட்டவன் இல்லை. பிள்ளைகள் என்றால் உயிரை விடுகிறவன். ஒன்றாம் வகுப்பில் ஏஞ்சலின் பள்ளிக்கூடத்து அடிக்குப் பயந்து தினமும் காலையில் வாந்தி எடுத்தாள். அதைப் போனில் கேட்டு நடுக்கடலில் கலங்கிப் போனவன் அவன். அந்தச் சமயத்தில் கப்பலின் சீஃப் ஆபீசர், கொச்சியில் தன் மனைவி பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துப் படிக்க வைப்பதை வீடியோவில் காட்டியிருக்கிறார். அவ்வளவுதான். "நம்ம பிள்ளையும் வீட்லயே படிக்கட்டும். நீ பன்னெண்டு படிச்சவதான, ஒனக்கு என்னளா கஷ்டம்?" என்று சொல்லிவிட்டான். பிள்ளையின் கண்ணீரைப் பார்த்து நொந்திருந்த கிளாடிஸும் சரி என்றாள்.

முதல் இரண்டு மாதம் உண்மையிலேயே நன்றாகத்தான் போயிற்று. கிளாடிஸ் ஒரு தாம்பாளத்தில் உப்பைப் பரப்பி, விரலால் எழுதச் சொன்னாள். தூத்துக்குடியில் உப்புக்குப் பஞ்சமா? தப்பாக எழுதினால் தட்டை ஒரு ஆட்டு ஆட்டினால் போதும், எல்லாம் அழிந்துவிடும். அடியும் இல்லை, சிவப்பு மையும் இல்லை. ஏஞ்சலின் உப்பில் அ எழுதினாள், ஆ எழுதினாள். கடற்கரையில் பொறுக்கிவந்த சிப்பிகளைப் பத்துப் பத்தாகக் கூட்டி வைத்து நூறு வரை எண்ணினாள். வாந்தி நின்றது. சிரிப்பு வந்தது.

இதைக் கிளாடிஸ் ஆசை ஆசையாகப் போனில் சொன்னபோது ஜாய்சன் கேட்டான்: "அதெல்லாம் சரிதான். உப்புல எழுதுனத எந்த பைல்லளா வைக்க? நான் அனுப்புத தாளு என்னாச்சு?"

வாரத்துக்கு இருபத்தைந்து தாள் அவன் இணையத்திலிருந்து இறக்கி அனுப்பிக்கொண்டிருந்தான். அச்சடித்து, வெட்டி, ஒட்டி, வண்ணம் தீட்டி, ஞாயிற்றுக்கிழமைக்குள் படம் எடுத்து அனுப்ப வேண்டும். எந்தத் தேசத்துப் பிள்ளைகளுக்காக வரைந்த தாள்களோ, திறந்தால் பனிமனிதனும் பனிக்கரடியும்தான். "இது நம்ம பனிமய மாதா கோயில் பனியாம்மா?" என்று ஏஞ்சலின் கேட்டபோது கிளாடிஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரு தாளில், ஊசியிலை மரத்துக் காய் பன்னிரண்டு எடுத்து அடுக்கச் சொல்லியிருந்தது. அதற்கு எங்கே போவது? அதைத் தேடி மூன்று ஃபேன்சி ஸ்டோர் ஏறி இறங்கினாள் பாவி மனுஷி.

தாள் வேலைக்கே பகல் போய்விடும். பிறகு தாம்பாளத்தை எடுக்க நேரம் ஏது? உப்பு டப்பாவுக்குள் போயிற்று. அதன் பிறகு ஒரு வாரம் இரண்டு பிள்ளைகளுக்கும் காய்ச்சல். தாள் ஒன்றுகூட முடியவில்லை. "என்னளா, இந்த வாரம் ஒண்ணும் வரல? இங்க எல்லாரும் கேக்காவ" என்று ஜாய்சன் இறங்கிய குரலில் கேட்டான். திட்டியிருந்தால்கூடத் திருப்பித் திட்டியிருப்பாள். அந்தக் குரல்தான் அவளைக் கொன்றது. அன்றைக்குத்தான், பிள்ளை எழுதியதுபோல் கோணலாக வரட்டும் என்று, முதல்முறையாகப் பென்சிலை இடது கைக்கு மாற்றினாள். இந்த ஒரு வாரம் மட்டும் என்று மாதாவிடம் சொல்லிக்கொண்டாள்.

அந்த ஒரு வாரத் தாளைப் பார்த்துவிட்டு, "சீஃப் ஆபீசரே அசந்துட்டாரு" என்று ஜாய்சன் குதித்தான். சொந்தக்காரர்கள் குரூப்பில் அத்தனையையும் போட்டான். கைதட்டும் படங்களும் பூங்கொத்துகளும் வந்து குவிந்தன. அடுத்த வாரம் பிள்ளையை எழுத வைத்தால் எழுத்து இறங்கிப் போய்விடுமே! அதனால் அதையும் கிளாடிஸே எழுதினாள். புலி வாலைப் பிடித்த கதைதான். விட்டால் கடிக்கும், விடாவிட்டாலும் ஓட ஓட இழுக்கும். பிள்ளையின் பாடத்தை எழுதுகிற வேலையில், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க அவளுக்கு நேரமில்லாமல் போயிற்று. இப்படியும் ஒரு கொடுமை உண்டா?

சந்தேகப்படுவதுபோல் பேசிய ஆள் ஊரில் ஒருவர்தான், ஜெராக்ஸ் கடை சுந்தரராஜ் அண்ணாச்சி. "ஏம்மா, இந்த வாரமும் கரடிதானா? தாளு வாங்க நீதான் வார. படிக்குத பிள்ளைய ஒருநாளாவது கூட்டிட்டு வா, நானும் பாக்கேன்" என்பார். அவர் சும்மா கேலிக்குத்தான் சொன்னார். அதற்கே கிளாடிஸ் அந்தக் கடைப்பக்கம் போகும்போது நடையை எட்டிப் போடுவாள்.

ஒருநாள் மனதைக் கல்லாக்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று போனை எடுத்தாள். அந்தப் பக்கம் ஜாய்சன் அழுதுகொண்டிருந்தான். அவனோடு வேலை பார்க்கும் மணப்பாட்டு மரியானுக்கு அடிபட்டுவிட்டதாம். உயிர்காக்கும் படகை இறக்கும்போது கம்பி அறுந்து, வலது கையில் மூன்று விரல் போய்விட்டதாம். "எனக்குத் தூக்கமே வரலளா. ஏஞ்சலின் எழுதுன தாள எடுத்து எடுத்துப் பாக்கேன். அது ஒண்ணுதான் ஆறுதலா இருக்கு." கிளாடிஸ் போனை வைத்துவிட்டு அடுத்த தாளை எடுத்தாள்.

ஒன்பது மாதம் முடிந்து ஜாய்சன் ஊருக்கு வந்தான். பெட்டியைத் திறந்து, சாக்லேட்டுக்கும் முன்னால் ஒரு தடித்த பைலை வெளியே எடுத்தான். வந்த படங்களையெல்லாம் கப்பலில் அச்செடுத்து, தேதி வாரியாகக் கோத்து வைத்திருந்தான். கிளாடிஸ் அதைக் கையில் வாங்கவே பயந்தாள். ஏஞ்சலினைத் தனியே கூப்பிட்டு, "அப்பாட்ட ஒண்ணும் சொல்லிராத தாயி" என்றாள். பிள்ளை தலையை ஆட்டியது. ஏழு வயதுக் குழந்தையைப் பொய்க்குத் துணை சேர்த்துவிட்டோமே என்று கிளாடிஸ் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு ஜாய்சனின் அக்கா விக்டோரியா மக்ரூன் பொட்டலத்தோடு வந்தாள். உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள்.

"ஏளா கிளாடிஸ், இனிமே எம் பிள்ளை ஷீஜாவையும் நீதான் பாத்துக்கிடணும். குரூப்புல ஒன் பிள்ளை எழுதுனதப் பாத்துப் பாத்து நான் முடிவு பண்ணிட்டேன். டிசி கேட்டு எழுதிட்டேன். திங்கக்கிழம ஸ்கூல்ல குடுக்கப் போறேன்."

கிளாடிஸ் அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள். தன் பிள்ளை கெட்டது போதாதா? நன்றாகப் படித்துக்கொண்டிருக்கிற ஷீஜாவுமா? "மதினி, அவசரப்படாதிய..." என்று இழுத்தாள்.

"இதுல என்ன இருக்கு?" என்று ஜாய்சன் பெருமையாகக் குறுக்கே விழுந்தான். "ஏஞ்சலின், இங்கன வா. அத்தைக்கு கப்பல்னு எழுதிக் காட்டு பாப்போம்."

ஏஞ்சலின் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். பிள்ளை பென்சிலை எடுத்து நிதானமாக எழுதியது. ஏஞ்சலின்.

ஜாய்சன் சிரித்தான். "அது ஒம் பேருல்லா? கப்பல்னு எழுது."

பிள்ளை மறுபடியும் எழுதியது. ஏஞ்சலின்.

"வெளையாடாத. சரி, அம்மான்னு எழுது."

மூன்றாவது முறையும் அதே பெயர். பிள்ளையின் உதடு பிதுங்கியது. "எனக்குப் பேரு மட்டுந்தாம்ப்பா தெரியும். உப்புல எழுதுனதெல்லாம் மறந்துபோச்சி. மத்ததெல்லாம் அம்மாதான் எழுதுவா."

விக்டோரியாவின் வாய்க்குப் போன மக்ரூன் பாதியில் நின்றது. கிளாடிஸ் உடைந்து போனாள். ஐந்து மாதமாக அடைத்து வைத்திருந்ததெல்லாம் அழுகையாகவும் ஆத்திரமாகவும் சேர்ந்து வந்தது.

"ஆமா, நான்தான் எழுதுனேன்! இந்தா, இந்த இடது கையாலதான் எழுதுனேன். வாரா வாரம் தாளு எங்க, தாளு எங்கன்னுதான கேட்டிய? ஒரு நாளாவது பிள்ளைட்டப் போனக் குடுக்கச் சொல்லி, நீ இன்னைக்கு என்ன படிச்சன்னு கேட்டியளா? உப்புல எழுதுச்சி, சிப்பிய எண்ணுச்சி. அது பைல்ல வைக்க முடியாதுன்னுட்டிய. சமைக்கணும், ரோஸப் பாக்கணும், வெட்டணும், ஒட்டணும். நான் ஒத்தையா என்னத்தச் செய்ய? தப்புதான். எம் பிள்ளைக்கு நானே துரோகம் பண்ணிட்டேன். அதுக்காக ஷீஜாவையும் கெடுக்க மாட்டேன்."

ஜாய்சன் கத்துவான் என்றுதான் அவள் நினைத்தாள். கையை ஓங்கினாலும் ஓங்கட்டும் என்று நின்றாள். அவனோ பைலைத் திறந்து, ஒரு பக்கத்து எழுத்துகள்மேல் விரலை ஓட்டினான்.

"மரியான் ஆஸ்பத்திரியில இருந்து எனக்கு ஒரு கடுதாசி எழுதுனான்" என்றான். "இடது கையால எழுதிப் பழகுதான். இதே மாதிரிதான் எழுத்து ஒருபக்கமா சாஞ்சி கெடந்துச்சி. நான் கண்டுபிடிச்சிருக்கணும்."

பைலை மூடி மேசையில் வைத்துவிட்டு அவனே தொடர்ந்தான்.

"மாசா மாசம் அந்த உயிர்காக்கும் படக இறக்கிப் பாக்கணும், அது தொங்குத கம்பிக்குக் கிரீஸ் அடிக்கணும். வேலை தலைக்கு மேல கெடக்கும். கரையில உள்ள ஆபீஸுக்கு வேண்டியது தாளுதான். ஆறு மாசம் ஒண்ணும் செய்யாமலே செஞ்சதா ரெஜிஸ்டர்ல டிக் போட்டு, நான்தான் கையெழுத்துப் போட்டேன். ஏழாவது மாசம் நெசமாவே இறக்குனோம். கம்பி உள்ளுக்குள்ள துருப்பிடிச்சிக் கெடந்துருக்கு. மரியான் விரலு போச்சி. வெசாரிக்க வந்தவன் ரெஜிஸ்டரப் புரட்டிட்டு, எல்லாம் ஒழுங்காத்தான இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டான்." அவன் கிளாடிஸ் பக்கம் திரும்பினான். "கப்பல்ல நான் எந்தத் தப்பச் செஞ்சேனோ, அதையே ஒன்ன இங்கன செய்ய வச்சிட்டேன் கிளாடிஸ். ஒம் மேல கோவப்பட எனக்கு வாயில்ல."

கிளாடிஸ் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஐந்து மாதத்தில் முதல்முறையாக அவளுக்கு மூச்சு முழுதாக வந்தது.

விக்டோரியா தான் எழுதிக்கொண்டுவந்த தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள். "வீட்ல வச்சிப் படிக்க வைக்கது தப்புன்னு நான் சொல்லல" என்றாள். "பக்கத்துல உக்கார ஆளில்லன்னா வீடும் ஒண்ணுதான், ஸ்கூலும் ஒண்ணுதான். நான் போயி ஷீஜா நோட்டத் தொறந்து பாக்கேன். நானும் பாத்து ரொம்ப நாளாச்சி."

அவள் போனதும் ஜாய்சன் அடுக்களைக்குள் போய்த் தாம்பாளத்தைத் தேடி எடுத்தான். உப்பைக் கொட்டிப் பரப்பி, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து பிள்ளையைக் கூப்பிட்டான்.

"தப்பா எழுதுனா?" என்று தள்ளி நின்றே கேட்டாள் ஏஞ்சலின்.

"தட்ட ஆட்டுவோம். திரும்ப எழுதுவோம்."

பிள்ளை மெல்ல வந்து உட்கார்ந்தது. விரலை உப்பில் வைத்து க எழுத முயன்றது. கோடு கோணலாகப் போயிற்று. கிளாடிஸின் இடது கை தன்னையறியாமல் நீண்டது. ஏஞ்சலின் அந்தக் கையைப் பிடித்து ஒதுக்கினாள். "நீ எழுதாதம்மா. பேரு மட்டுமில்ல, எல்லாத்தையும் நானே எழுதுதேன்."

நாலு தடவை தட்டை ஆட்டி, ஐந்தாவது தடவை க வந்தது. ஜாய்சன் பழக்க தோஷத்தில் படம் எடுக்க போனைத் தூக்கினான். பிறகு என்ன நினைத்தானோ, சொந்தக்காரர்கள் குரூப்பைத் திறந்து தட்டத் தொடங்கினான். கிளாடிஸ் அவன் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தாள். அந்தக் குரூப்பில் அவன் படமில்லாமல் போட்ட முதல் செய்தி அதுதான்:

"இதுவரை நான் போட்ட தாள் எதையும் என் மகள் எழுதவில்லை. தப்பு அவள் அம்மாமேல் மட்டும் இல்லை, பாதிக்கு மேல் என்மேல். தாளைக் கேட்டால் தாள்தான் கிடைக்கும். பிள்ளை படிக்க வேண்டுமென்றால், தாயும் தகப்பனும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார வேண்டும்."