ஒன்பது நாள் அணைக்காத பெட்டி

ஏணி மேல் நின்றுகொண்டு குப்புராஜ் சொன்ன ஒரே ஒரு நம்பரால் வந்த வினை இது. அதை எடுத்த எடுப்பில் சொன்னால் உங்களுக்குப் பிடிபடாது, கண்ணுங்களா. முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் ஏணிக்கு வருவோம்.

பெட்டி என்றால் கம்ப்யூட்டர்தான். ஆனால் இப்போது கடையில் விற்கிற மாதிரி கிடையாது, நாற்பது வருசத்துக்கு முந்தினது. ஒரு நீள நோட்டு அளவுக்குக் கறுப்புத் தட்டு, அதன்மேல் அழிரப்பர் மாதிரி மெத்தென்று பட்டன்கள். மொத்தமே அவ்வளவுதான். திரை வேண்டுமென்றால் வீட்டு டிவியில் மாட்டிக்கொள்ள வேண்டும். எழுதினது நிலைக்க வேண்டுமென்றால் டேப் ரிக்கார்டரில் கேசட் போட்டுப் பதிய வேண்டும். பதியாமல் சுவிட்சை அணைத்தால் எழுதினதெல்லாம் ஆவியாகப் போய்விடும்.

தர்மபுரியில் ஒரு பழைய இரும்புக் கடையில் இந்த மாதிரி ஆறு பெட்டி சாக்கோடு கிடந்தது. காலேஜ் பஸ் ஓட்டுகிற சந்திரமோகன் அதைப் பார்த்தார். பழைய சாமானைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. சாக்கைத் தூக்கிக்கொண்டுபோய் ஏரியூரில் குப்புராஜ் கடையில் கொட்டினார். குப்புராஜ் ஒரு காலத்தில் ரேடியோ ரிப்பேர்காரர், மைக் செட்டும் வாடகைக்கு விட்டார். இப்போது ஊர் ஊராகப் போய் கேமரா மாட்டுகிறார். அவர் ரெண்டு பெட்டியைப் பிரித்துப் பார்ட்ஸ் எடுத்து மிச்சம் நாலுக்கு உயிர் கொடுத்தார். அவருக்கு ஒன்று, சந்திரமோகனுக்கு ஒன்று. மற்ற ரெண்டும் கேமரா மாட்டப் போன இடத்தில் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியவர்களுக்கு. ஒருத்தி அதியமான்கோட்டை ஜாஸ்மின், நர்ஸ். இன்னொருத்தி நல்லம்பள்ளி கோகிலவாணி, பட்டுப்புழு வளர்க்கிறவள்.

நாலு பேரும் எந்தக் காலேஜிலும் இதைப் படித்தவர்கள் இல்லை. தட்டித் தட்டிப் பார்த்து, தப்புப் பண்ணிப் பண்ணிக் கற்றுக்கொண்டார்கள். செல்போனில் ஒரு குரூப் ஆரம்பித்து, அதற்கு ‘மாத்தாளு’ என்று பேர் வைத்தார்கள். கொல்லையில் களை வெட்ட இன்றைக்கு நான் உனக்கு ஒரு நாள் வந்தால், நாளைக்கு நீ எனக்கு ஒரு நாள் வருகிறாய் இல்லையா, அதே முறை. என் புரோகிராமில் நீ ஒரு தப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்தால், உன் புரோகிராமில் நான் ஒன்று கண்டுபிடித்துத் தர வேண்டும். யாரும் சும்மா வாங்கிக்கொண்டு போகக் கூடாது.

இதில் குப்புராஜ் மட்டும் கொஞ்சம் தனி. பெட்டிகளோடு அந்தச் சாக்கில் ஜெராக்ஸ் எடுத்த வழிகாட்டிப் புத்தகம் ஒன்றும் இருந்தது. அது அவரிடம் தங்கிவிட்டது. அதனால் எல்லாரும் அவரைத்தான் கேட்பார்கள். அவரும் சளைக்காமல் சொல்லுவார். ஆனால் தனக்கு ஒரு சந்தேகம் என்று அவர் யாரிடமும் கேட்டதே இல்லை.

“அண்ணன் கொல்லையில மட்டும் களையே மொளைக்காது போல” என்று ஜாஸ்மின் இழுப்பாள்.

“நான் மொளைக்கவே உடறதில்லம்மா” என்பார் அவர். அந்தப் பெருமை அவருக்கு வெல்லக் கட்டி மாதிரி. வெளியே தெரியாமல் வாயில் அதக்கிக்கொண்டே இருப்பார்.

கோகிலவாணிதான் குரூப்பில் அதிகம் கேட்கிறவள். டிவித் திரையைப் போட்டோ பிடித்து, “இந்த வரி ஏன் அடம் புடிக்குது?” என்று காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று போடுவாள். அவள் ஒரு விளையாட்டு எழுதிக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு பட்டுப்புழு ஊர்ந்து ஊர்ந்து மல்பெரி இலையைத் தின்னும். தின்னத் தின்ன வளரும். நடுவில் நாலு தடவை தோல் உரிக்கும். அப்போது அசையாமல் கிடக்கும், எறும்பு வந்தால் தப்பிக்க முடியாது. எல்லாம் தாண்டிவிட்டால் கூடு கட்டும். புழுவோடு புழுவாகப் பதினைந்து வருசம் இருந்தவள் எழுதினது. அந்த ஊர்தலைப் பார்த்தாலே நிசப் புழு மாதிரி இருக்கும்.

அந்த நேரம் பார்த்து அவளுடைய டேப் ரிக்கார்டரில் பெல்ட் அறுந்துவிட்டது. குப்புராஜ் கடைக்குத்தான் அனுப்பினாள். அவருக்குக் கேமரா வேலை தலைக்குமேல் கிடந்தது. “நாளைக்கும்மா, நாளைக்கும்மா” என்றே நாள் போயிற்று. அவள் என்ன செய்தாள் தெரியுமா? பெட்டியை அணைக்கவே இல்லை. அணைத்தால்தானே போகும்! வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு, “அந்த சுவிட்சுல யாராச்சும் கை வெச்சீங்க, அன்னிக்குச் சோறு கெடையாது” என்று சொல்லிவிட்டாள். கரண்ட் போனால் தாங்குவதற்கு, சந்திரமோகன் பழையதாகப் பார்த்து வாங்கிக் கொடுத்த இன்வெர்ட்டர் இருந்தது. பெட்டி சூடாகிறதே என்று அதன்மேல் ஈரத்துணியைப் போடப்போன மாமியாரைப் பாதி வழியில் தடுத்து நிறுத்தினாள். இப்படி ஒன்பது நாள், நூற்று நாற்பது வரி.

இனி ஏணிக்கு வருவோம்.

அன்றைக்கு வியாழக்கிழமை. பென்னாகரத்தில் ஒரு மளிகைக் கடையில் குப்புராஜ் ஏணி மேல் நின்று கேமராவை முடுக்கிக்கொண்டிருந்தார். வாயில் ரெண்டு ஸ்குரூ. போன் அடித்தது.

“அண்ணா, பட்டனை அமுத்திப் புடிச்சாலும் புழு சோம்பேறியாத்தான் திரும்புது. வேகமாக்குறதுக்கு ஒரு நம்பர் இருக்குதுன்னு சொன்னீங்களே?”

பெட்டியின் நினைவு ஒரு நீளத் தெரு மாதிரி. ஒவ்வொரு இடத்துக்கும் வீட்டு நம்பர் உண்டு. சரியான வீட்டில் சரியான எண்ணைக் கொண்டுபோய் வைத்தால் பட்டன் வேகமாகும். புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். ஆனால் கீழே கடைக்காரர் நின்றிருந்தார். “அண்ணனுக்கு எல்லாம் மனப்பாடம்” என்று போனிலேயே கோகிலவாணியும் சொன்னாள். குப்புராஜ் ஸ்குரூவைக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு, “எழுதிக்கம்மா. ரெண்டு, மூணு, ஆறு, அஞ்சு, ரெண்டு” என்றார்.

பத்து நிமிசத்தில் குரூப்பில் அவள் குரல் வந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத குரல்.

“போச்சுங்க. எல்லாம் போச்சு. நம்பரைப் போட்டு பட்டனை அமுத்துறேன், அதே நேரம் கரண்ட் போயி இன்வெர்ட்டர் மாறுச்சு. ஃபேன் ஒரு திணறு திணறுச்சு. திரையும் வெள்ளையாப் போச்சு. ஒம்பது நாளுங்க!”

ஜாஸ்மின் அழுகிற பொம்மைகளை வரிசையாக அனுப்பினாள். சந்திரமோகன், “மாறுற நேரத்துல ஒரு இழுப்பு இருக்கும்தான். நான் வாங்கிக் குடுத்ததுதான், மன்னிச்சிக்கம்மா” என்று எழுதினார்.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்த குப்புராஜ், கை கழுவுவதற்கு முன்னால் புத்தகத்தை எடுத்தார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. பக்கத்தைப் புரட்டினார். இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு, இரண்டு. ஐந்துக்கு அப்புறம்தான் ஆறு. அவர் மாற்றிச் சொல்லியிருந்தார். விருந்துக்கு வைத்த சோறு வேறு வீட்டில் போய் விழுந்திருக்கிறது. அந்த வீடு, பெட்டி தன் கணக்கு வேலைக்கு ஒதுக்கி வைத்திருந்த இடம். அதில் கை வைத்தால் பெட்டி மயக்கம் போட்டு எல்லாவற்றையும் மறந்துவிடும். இன்வெர்ட்டர் பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை.

யாருக்கும் தெரியாது. அவர் சொல்லாவிட்டால் எப்போதும் தெரியப்போவதில்லை. போனை எடுத்தார், வைத்தார், எடுத்தார். கடைசியில், “பழைய இன்வெர்ட்டரை நம்பக் கூடாது. கோகிலா, அந்த நம்பரை விட்டுடு, வேற வழி இருக்குது, அப்புறம் சொல்றேன்” என்று எழுதி அனுப்பினார். அனுப்பின கையோடு அவருக்கே அது கசந்தது.

“ஏங்க, களியை உருண்டை புடிக்கச் சொன்னா ரோடு போட்டுட்டு இருக்கீங்க?” என்றாள் அவர் மனைவி கண்ணம்மாள். தட்டில் ராகிக் களி குழம்போடு சேர்ந்து கூழாகிக் கிடந்தது.

அவளிடம் மறைத்துப் பழக்கமில்லை. சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு.

“சாவு வூட்டுல போயி கல்யாணப் பாட்டு போட்ட மனுசன்தானே நீங்க? அன்னிக்கே ஊரு தாங்கிக்கிச்சு.”

“அது கேசட்டு மாறிப்போச்சுடி. இது அப்படியில்ல. இனிமே என்னைய ஒருத்தரும் எதுவும் கேக்க மாட்டாங்க.”

அதுதான் விசயம். அவருக்கு ஐம்பத்தேழு வயது. மைக் செட்டை இப்போது யாரும் கேட்பதில்லை, ரேடியோவைப் பற்றியும் கேட்பதில்லை. கேமராவுக்குக் கூப்பிடுகிறவர்கள் மாட்டி முடித்ததும் அனுப்பிவிடுகிறார்கள். உட்கார்ந்து, “அண்ணா, இது ஏன் இப்படி?” என்று கேட்கிறவர்கள் இந்த மூன்று பேர்தான். அந்தக் கேள்வி நின்றுபோனால் அவருடைய நாள் எவ்வளவு நீளமாகிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கண்ணம்மாள் தட்டை எடுத்துக்கொண்டே, “அந்த பஸ்காரரு என்ன பண்றாரு இப்ப?” என்று மட்டும் கேட்டாள்.

சந்திரமோகன் குரூப்பில் எழுதியிருந்தார்: ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஜாஸ்மின் வீட்டுக்கு வருகிறோம்தானே, அப்படியே கோகிலா வீட்டுக்கும் போய் இன்வெர்ட்டரைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், வேறு நல்லதாகப் பார்த்துத் தருகிறேன், என்னால் வந்தது என்று.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் குப்புராஜுக்குத் தூக்கம் சரியில்லை. ஆனால் பெல்ட் மாட்டிவிட்டார். ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்து, ஹெட்டைத் துடைத்து, ரிக்கார்டரைத் துணியில் சுற்றி, புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

ஜாஸ்மின் வீடு மெயின் ரோட்டுக்குப் பக்கத்தில். லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் கம்பி கிணுகிணுக்கும். உள்ளே கோகிலவாணி ஏற்கனவே வந்து பெட்டியை டிவியில் மாட்டிக்கொண்டிருந்தாள். சந்திரமோகன் மடியில் இன்வெர்ட்டர் பில். ஜாஸ்மின் டீ கொண்டுவந்தாள். குப்புராஜ் டீயை வாங்கவில்லை. உட்காரவும் இல்லை.

“ஒரு விசயம். இன்வெர்ட்டர் மேல தப்பில்ல. சந்திரமோகன் மேலயும் இல்ல. நான் நம்பரை மாத்திச் சொல்லிட்டேன். அன்னிக்கு மத்தியானமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சும் இன்வெர்ட்டர் மேல பழியைப் போட்டேன்.”

புத்தகத்தை விரித்து அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினார். ஒரு லாரி போனது, கம்பி கிணுகிணுத்தது.

கோகிலவாணி புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “மூணு நாளா அந்த இன்வெர்ட்டரை என்னென்ன வார்த்தையில திட்டினேன் தெரியுங்களா? போனதும் அதுகிட்ட மன்னிப்பு கேக்கணும்.”

“எங்கிட்ட கேக்க மாட்டியா?” என்றார் சந்திரமோகன்.

“உங்களையும் திட்டினேன்தான். ஆனா மனசுக்குள்ளதான்.”

ஜாஸ்மினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோகிலவாணிக்கு வரவில்லை. அவள் குப்புராஜை நிமிர்ந்து பார்த்தாள். “தப்பு நம்பர் சொன்னது பரவால்லண்ணா, யாரும்தான் சொல்லுவாங்க. ரெண்டாவதா எழுதுனீங்களே, வேற வழி இருக்குதுன்னு. அதான் ஒரு மாதிரி இருக்குது.”

“ஆமாம்மா. எனக்கும் அதுதான்.”

ஜாஸ்மின்தான் டீயை அவர் கையில் திணித்து, “மொதல்ல குடிங்கண்ணா. ஆறிப்போனா அதுக்கும் இன்வெர்ட்டரைத்தான் சொல்லுவீங்க” என்றாள். அப்போதுதான் கோகிலவாணிக்கும் உதடு கொஞ்சம் நெளிந்தது.

அப்புறம் ஜாஸ்மின் போனில் குரூப்பை விரலால் தள்ளிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். “ஏங்க்கா, நீங்க கேட்ட சந்தேகமெல்லாம் போட்டோவா இங்கதானே கெடக்குது?”

எல்லாரும் குனிந்தார்கள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று கோகிலவாணி போட்ட போட்டோ ஒவ்வொன்றிலும் அடம் பிடித்த வரி ஒன்றுதான், ஆனால் அதற்கு மேலும் கீழும் பத்துப் பதினைந்து வரி தெரிந்தது. ஒன்றில் அவள் கட்டைவிரல் மறைத்திருந்தது, ஒன்றில் ஜன்னல் வெளிச்சம் அடித்திருந்தது. வரிசையாக அடுக்கிப் பார்த்தால் நூற்று நாற்பதில் தொண்ணூற்றேழு வரி கிடைத்தது.

“மிச்சமெல்லாம் நான் யாரையும் கேக்காம எழுதுனது” என்றாள் கோகிலவாணி. “அதனாலதான் இல்ல.”

மாத்தாள் முறைப்படி அன்றைக்குக் குப்புராஜ்தான் கூலியாள். அந்த ரப்பர் பட்டனில் அடிக்க அவரை உட்கார வைத்தார்கள். சந்திரமோகன் போட்டோவைப் பார்த்து, பஸ்ஸில் ஸ்டாப் பேர் சொல்கிற மாதிரி கத்திக் கத்தி வாசித்தார். ஜாஸ்மின் ஒவ்வொரு வரியையும் சரிபார்த்தாள். குப்புராஜ் ஏழு தப்புப் பண்ணினார். அவள் ஏழையும் மருந்துச் சீட்டுப் பார்க்கிற கண்டிப்போடு பிடித்தாள். ஒவ்வொரு இருபது வரிக்கும் கேசட்டை ஓட்டிப் பதிந்துகொண்டார்கள். காணாமல்போன இடம் வந்தபோது கோகிலவாணி பக்கத்தில் உட்கார்ந்து, தோல் உரிக்கிற பகுதியைப் புதிதாகச் சொன்னாள். முன்னே எட்டு வரியில் எழுதினது இப்போது ஐந்தில் முடிந்தது. “அட, போனதே நல்லதாப் போச்சு போல” என்று அவளே சொல்லிக்கொண்டாள். சொல்லிவிட்டுக் குப்புராஜைப் பார்த்து, “உங்களை மன்னிச்சுட்டேன்னு அர்த்தமில்ல” என்றும் சேர்த்துக்கொண்டாள்.

சாயங்காலம் நாலு மணிக்குப் புழு ஊர்ந்தது. சரியான நம்பர் போட்டதும் வெட்டுக்கிளி மாதிரித் திரும்பியது. சந்திரமோகன் ஆடி, முதல் தோல் உரிப்பிலேயே புழுவை எறும்பிடம் பறிகொடுத்தார். ஜாஸ்மின் ரெண்டாவது வரைக்கும் போனாள். கூடு கட்டுகிற கட்டத்துக்கு யாரும் போய்ச் சேரவில்லை.

கோகிலவாணி திரையைப் பார்த்தபடி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். “அண்ணா, கூடு கட்டறதுக்கு முன்னாடி புழு மஞ்சளா மாறணுங்க. நிசத்துல அப்படித்தான் பழுக்கும். புழு மட்டும் நெறம் மாறணும், பக்கத்துல இலை மாறக் கூடாது. எப்படிங்க பண்றது?”

அறையில் மற்ற ரெண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். அவள் கேட்டுவிட்டாள் என்பதே முதலில் குப்புராஜுக்குப் புரியவில்லை. புரிந்ததும் என்னென்னமோ சொல்ல வந்தது, அத்தனையும் பாதி பாதியாக.

“எனக்குத் தெரியலம்மா” என்றார். “உங்கள்ல யாருக்காச்சும் தெரியுமா?”

“கர்த்தரே!” என்று ஜாஸ்மின் நெஞ்சில் கை வைத்தாள். “அண்ணன் கொல்லையிலயும் களை!”

“சந்திரமோகன், நீ அந்தப் புத்தகத்தைப் புரட்டு” என்றார் குப்புராஜ், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “நெறத்தைப் பத்திப் பின்னாடி எங்கியோ ஒண்ணு பாத்த ஞாபகம். ஜாஸ்மின், இன்னும் ஒரு டீ கெடைக்குமா?”

கோகிலவாணி பெட்டியை அவர் பக்கமாக நகர்த்தி வைத்து, தானும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.