மொட்டைக்கழுத்துக் கோழிகளுக்குக் கணப்பு

பக்கத்து வீட்டுப் பன்றி வெட்டுக்கு உதவப் போன சம்ஃபிரா, மதியம் பூண்டு நாறும் கையோடு திரும்பினாள். பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு டிகிரி குளிர். படலைத் திறந்தாலே கொக்கரிக்கிற கோழிகள் மூச்சுக் காட்டவில்லை.

புருஷன் இலாரியே வாசற்படியில் பெருமையாக நின்றிருந்தான்.

"கூட்டுல இனி ஊசி நுழைய இடமில்ல. மேல இருந்த ரெண்டு ஓட்டையையும் கம்பளி திணிச்சு அடைச்சிட்டேன். ஒரு வாளி தணலும் வெச்சிருக்கேன். உன் புள்ளைங்க சொகமா தூங்குதுங்க."

"அடப்பாவி! அது மூச்சு விடுற ஓட்டைய்யா!"

"குறுக்குக் காத்துடி அது! கழுத்துல ஒத்தை இறகு இல்லாத சாதி, தாங்குமா?"

இந்த ஊரில் ஓநாய்க்கு அஞ்சாதவனும் குறுக்குக் காற்றுக்கு அஞ்சுவான். பல்வலியா, குறுக்குக் காற்று. வாய் கோணியதா, அதே காற்று. கோடையில் பேருந்தே வெந்தாலும் எதிரெதிர் ஜன்னலைத் திறக்க விடமாட்டார்கள். இலாரியே அந்தக் கூட்டத்துக்கே தலைவன். சொன்னால் கேட்கிற ஜென்மமா?

போன வருஷம் நோய் வந்து கொட்டகையே காலியானது. இந்தப் பத்தையும் சம்ஃபிரா அடுப்படியில் பெட்டி வைத்து, குஞ்சு குஞ்சாக வளர்த்தாள். இவையும் போனால் மறுபடி தொடங்க அவளுக்குத் தெம்பில்லை.

ஓடிப்போய்க் கூட்டுக் கதவை இழுத்தாள். உள்ளிருந்து கசிந்த ஈரம் இடுக்கில் உறைந்து, கதவு நிலையோடு ஒட்டிக் கிடந்தது. பிடி கையோடு வந்துவிட்டது.

"கோடாலி!"

"தொறந்தா காத்து..."

"கோடாலியக் குடுய்யா!"

நாலே வெட்டில் பலகை பிளந்தது. எச்சத்தின் காரமும் தணல் வாடையும் முகத்தில் அறைந்தன. கோழிகள் தரையில் சாய்ந்து கிடந்தன. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு புகுந்து, முதலில் வாளியை வெளியே எறிந்தாள். பிறகு இரண்டிரண்டாகத் தூக்கி வந்து வெட்டவெளியில் கிடத்தினாள்.

"பனியிலயாடி போடுற? கொன்னுடுவ போலிருக்கே!"

"காத்து படட்டும். வாயை மூடிட்டுத் தூக்கு!"

அவனும் தூக்கினான். ஒன்று தலையை உதறியது. இன்னொன்று இறக்கையை அடித்துக்கொண்டது. "எந்திரிடி, என் தங்கமே, எந்திரி," என்று சம்ஃபிரா ஒவ்வொன்றாக உலுக்கினாள். ஏழு கோழிகள் குடிகாரர்கள் மாதிரித் தள்ளாடி எழுந்தன. இரண்டு எழவே இல்லை.

பத்தாவது, கடைசியாக வெளியே வந்த சாம்பல் நிறக் கோழி. அதைத் தன் கோட்டுக்குள் செருகிக்கொண்டு இலாரியே வீட்டைப் பார்த்து ஓடினான்.

"எங்கய்யா கொண்டு போற?"

"சூடா இருக்குடி. தொட்டுப் பாரு, நல்லா சூடா இருக்கு."

அவள் ஓடிப்போய் மறித்து, கோட்டை விலக்கி, கோழியின் நெஞ்சில் காதை வைத்தாள். வெகுநேரம் வைத்திருந்தாள்.

"சூடு இருக்கு, இலாரியே. மூச்சு இல்ல."

அவன் காதில் அது ஏறவே இல்லை. அவளைத் தள்ளி நிறுத்திவிட்டு, காற்று புகாதபடி கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழுத்துவரை போட்டான்.